ஒன்பதுக்குச் சற்றுக் கீழே

இரவுப் பணி. மின்தூக்கிப் பழுதுக்கான தொலைபேசி.
பாய லேபாரில் நான்காம் மாடி.
குளிர்சாதனக் காற்று நேராக என் கழுத்தின் மேல்.
கவனியுங்கள், நேராக.
அதை எடுத்துவிட்டால்
காற்று எங்கோ பொதுவாக வீசிக்கொண்டிருக்கும்.
என் கழுத்து வலிக்காது.

மேற்பார்வையாளர் திருவாட்டி குவெக்
என் பதிவுகளைச் சிவப்பில் திருத்துவார்.
ரைட், ஜஸ்ட், வெல், ஸ்ட்ரெயிட்.
ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு.
"கதவுக்குப் பின்னால் என்றால் பின்னால்தானே, அமுதவல்லி?
அதென்ன ரைட் பிஹைண்ட்?"
கொசுறு என்று அவர் சொல்லவில்லை, சொல் தெரியாது.
தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்.

கோடு போட்ட பிறகு வரிகள்
இஸ்திரி போட்ட சீருடை மாதிரி இருந்தன.
உள்ளே ஆள் இல்லை.

அழைப்பவர்கள் யாரும் அப்படிப் பேசுவதில்லை.
காப்பிக்கடைக்கு ஸ்ட்ரெயிட் ஆப்போசிட் என்பார்கள்,
படிக்கட்டில் ஹாஃப்வே அப் என்பார்கள்,
பயத்தில் இருப்பவருக்கு
வெறும் மேலே, வெறும் கீழே
போதுவதே இல்லை.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி, இரண்டு பத்து.
பிடோக்கிலிருந்து ஒரு பெண், நோர்ஹலிஸா.
விடிந்தால் கடை திறக்க வேண்டும்,
கையில் இரண்டு அட்டை முட்டை, உட்காரவும் முடியவில்லை.
எங்கே நிற்கிறது என்றேன்.
வெல் பாஸ்ட் எய்ட். ஜஸ்ட் பிலோ நைன்.
கதவிடுக்கில், கணுக்காலுக்கு மேலே எல்லாம்
ஒன்பதாம் மாடி வெளிச்சம் என்றாள்.

நான் தட்டச்சியது, பழகிய ஒழுக்கத்தில்:
எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில்.
ஒரு பிழை இல்லை. ஒரு கறை இல்லை.

இளஞ்சேரன் எட்டாம் மாடிக்குப் போய்க்
கதவைத் திறந்திருக்கிறான்.
கம்பிவடம், இருட்டு,
கைக்கு எட்டாத உயரத்தில் பெட்டியின் அடிவயிறு.
அதற்குள்ளிருந்து ஒருத்தி
முட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கும் சத்தம்.

வானொலிக் கருவியில் கத்தினான்:
"அக்கா, இடையிலன்னா எங்க?
ஒன்பதுக்கு எவ்வளவு கீழ?"

ஒன்பதுக்கு
சற்று
கீழே,
என்றேன்.

சொன்ன பிறகுதான் கேட்டது எனக்கு.
ஆங்கிலத்தில் அந்தச் சின்னச் சொல்
வாசலிலேயே நிற்கிறது, காவலாளி போல.
எவ்வளவு என்று முதலில் தெரிந்துவிடும்,
எதற்கு என்பது கடைசியில்தான் வரும்.
நம்மிடம் மாடி முதலில் வந்துவிடுகிறது.
பிறகு அந்தச் சொல்,
ஒன்பதுக்கும் கீழேக்கும் நடுவில்,
இரண்டு பக்கமும் கதவு மூடிய இடத்தில்,
கையில் முட்டையோடு.

ஒன்பதாம் மாடியில் திறந்தான்.
ஒரே எட்டு, வெளியே வந்துவிட்டாள்.
நான்கு முட்டை உடைந்ததற்கு
படிவத்தில் கட்டம் இல்லை.

அன்றைய பதிவில் ஜஸ்ட் என்பதைத் திரும்ப எழுதினேன்.
கோடு வருமென்று காத்திருந்தேன்.
காலையில் குவெக்கிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது:
தாமதமாகும், விரைவுச்சாலையில் மாட்டிக்கொண்டேன்,
ரைட் பிஹைண்ட் எ லாரி.
இருமுறை படித்தேன்.
லாரியின் புகைகூட வந்தது அதில்.
சிவப்புப் பேனா மேசையிலேயே இருந்தது.

இப்போது ஏழரை. பேருந்தை விட்டு இறங்கிவிட்டேன்.
துரைவேல் அழைக்கிறார்,
திங்கட்கிழமைச் சண்டைக்குப் பிறகு முதல் அழைப்பு.
எங்கே இருக்கே?

சாலைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.
எங்கள் புளோக், ஆறாம் மாடி, அவருடைய நீலச் சட்டை
மூங்கில் கழியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு, என்கிறேன்.

பச்சை மனிதன் எரிந்து, சிமிட்டி, அணைகிறான்.
மறுமுனையில் மூச்சு கேட்கிறது.
வீடு அவர் கைக்குப் போய்விட்டது.
எவ்வளவு என்பதை
இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.